பெர்க்லி மெமோரியல் ஸ்டேடியம்: பழசு போய்ப் புதுசு வந்ததில் வருத்தமா, நிம்மதியா?

வடக்குவாசல்_ராஜா:
மகளுக்கு கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டது. வாழ்த்தெல்லாம் வேறு இழையில் வாங்கிக்கொண்டேன், நன்றி. இது வேறு விஷயம்.

செப்டம்பரில் பல்கலைக்கழக அணியின் முதல் அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டத்துக்கு அப்பாவும் வரணுமாம். நான் மெமோரியல் ஸ்டேடியத்துக்குள் கடைசியாகப் போனது 2010 நவம்பர் 27, வாஷிங்டனோடு ஆட்டம். 13-10 என்று நாம் முன்னால் இருந்தோம். கடிகாரம் தீரும் நேரத்தில் கடைசி ஓட்டம், கோட்டுக்கு ஒரே ஒரு கஜம். உள்ளே புகுந்து 16-13 என்று தட்டிக்கொண்டு போய்விட்டார்கள். தோற்ற பிறகும் கூட்டம் சட்டென்று கலையவில்லை. இனி அந்த மர பெஞ்சில் உட்காரப் போவதில்லை என்று எல்லாருக்கும் தெரியும். என் வரிசையில் ஒரு வயதானவர், தன் இடத்து எண்ணை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். பெயிண்டில் எழுதிய எண், பாதி அழிந்துபோயிருந்தது.

அப்புறம் நான் ஆஸ்டினுக்கு மாறிவிட்டேன். ஸ்டேடியத்தைப் புதுப்பித்து 2012இல் திறந்ததை டிவியில்தான் பார்த்தேன். ஊரில் பழைய வீட்டின் முகப்பை மட்டும் விட்டுவிட்டு உள்ளே முழுக்க கிரானைட் போட்ட மாதிரி இருந்தது. போய்ப் பார்த்தவர்கள் சொல்லுங்கள். வருத்தமா, நிம்மதியா?

ஃப்ரீமாண்ட்_சேகர்:
நிம்மதி, ராஜா அண்ணா. சந்தேகமே இல்லை. 2012 செப்டம்பர் 1, திறப்பு ஆட்டத்துக்கு நான் இருந்தேன். நெவாடாவிடம் 31-24 என்று தோற்றோம். மூடும்போதும் தோல்வி, திறக்கும்போதும் தோல்வி. பாரம்பரியத்தைக் கட்டிக்காத்தோம் என்று இதைத்தான் சொல்லவேண்டும்.

அரங்கத்தைப் பற்றிக் குறையே கிடையாது. நீங்கள் சொன்ன முகப்பு 1923இல் ஜான் கேலன் ஹோவர்ட் மேற்பார்வையில் எழுந்தது. அந்த வளைவுகளை எஃகுச் சட்டம் கொடுத்து அப்படியே நிறுத்திவைத்துக்கொண்டு, மேற்குப் பக்கம் உள்ளே இருந்ததை முழுவதும் எடுத்துவிட்டுப் புதிதாகக் கட்டியிருக்கிறார்கள். நடக்க இடம் இருக்கிறது. கழிப்பறைக்குப் போய்விட்டு ஆட்டம் முடிவதற்குள் திரும்பி வரலாம். களத்தை நாலு அடி தாழ்த்தியதால் முன்வரிசையில் இருந்தாலும் தெரிகிறது. கிழக்குப் பக்கம் மேலே ஏறிப் பார்த்தால் வளைகுடா அதே வளைகுடாதான், கோல்டன் கேட் பாலம் அதே பாலம்தான்.

மர பெஞ்சுக்காக அழுகிறவர்கள் அதில் மூன்றரை மணி நேரம் உட்கார்ந்து எழுந்த பிறகு முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றதை மறந்துவிட்டார்கள்.

பழைய_மாணவி:
களத்தை நாலு அடி தாழ்த்தினார்கள் என்றால், 1982இல் ஆட்டம் முடிவதற்குள் களத்துக்குள் வந்துவிட்ட எதிரணி ஸ்டான்ஃபோர்டின் பேண்டு வாத்தியக்காரர்களுக்கு நடுவில் புகுந்து நம் கெவின் மோயன் பந்தோடு எல்லைக்கோட்டைத் தாண்டி டச்டவுன் போட்டு, அந்த ட்ராம்போன்காரரை மோதித் தள்ளினாரே, அந்த இடம் இப்போது எங்கே இருக்கிறது? காற்றில்! நம் தலைக்குக் கொஞ்சம் கீழே மிதந்துகொண்டிருக்கிறது. இதை நினைத்தால் எனக்கு ஏனோ சிரிப்பும் வருகிறது, தொண்டையும் அடைக்கிறது.

சிவில்_கணேஷ்:
கட்டடம் சம்பந்தமான ஆள் என்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இது "அழகுபடுத்த" எடுத்த வேலை இல்லை. ஹேவர்ட் பிளவு என்கிற நிலநடுக்கப் பிளவு அந்த ஸ்டேடியத்துக்கு அடியில், ஏறக்குறைய ஒரு கோல் கம்பத்திலிருந்து இன்னொரு கோல் கம்பம் வரை ஓடுகிறது. பிளவுக்குப் பக்கத்தில் இல்லை, பிளவின் மேலேயே. இந்தப் பிளவில் நிலநடுக்கம் வராத நாட்களிலும் நிலம் ஊர்ந்துகொண்டே இருக்கும், வருடத்துக்குச் சில மில்லிமீட்டர். மேற்குப் பாதி வடக்கே நகர்கிறது. 1923இலிருந்து கணக்குப் பார்த்தால் ஒரு அடிக்கும் மேல். பழைய ஸ்டேடியத்தில் கேகே என்ற இருக்கைப் பிரிவின் மேல்வரிசைக்குப் போனவர்களுக்குத் தெரியும். சுவரின் இணைப்பு வாய் பிளந்து, ஒரு பக்கம் இன்னொரு பக்கத்தைவிட்டு விலகி நிற்கும். நான் மாணவனாக இருந்தபோது அதில் கையை வைத்துப் பார்த்தேன். நாலு விரலும் தாராளமாக நுழைந்தன. மேலே வரிசையில் ஒரு குடும்பம் நிம்மதியாக பாப்கார்ன் தின்றுகொண்டிருந்தது.

இந்தப் பிளவில் கடைசிப் பெரிய நடுக்கம் 1868இல். சராசரியாக ஒன்றரை நூற்றாண்டுக்கு ஒருமுறை என்கிறார்கள் நிலவியல்காரர்கள். கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எப்படிச் சரி செய்தார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. பிளவை எதிர்த்து நிற்கிற கட்டடம் கட்ட முடியாது. அதனால் எதிர்க்கவே இல்லை. பிளவு ஸ்டேடியத்துக்குள் நுழைகிற இடத்திலும் வெளியேறுகிற இடத்திலும் இருக்கைப் பகுதியைத் தனித்தனித் துண்டாக வெட்டிவிட்டார்கள். அந்தத் துண்டுகள் பக்கத்துக் கட்டடத்தோடு ஒட்டாமல், மணலும் பிளாஸ்டிக் விரிப்பும் போட்ட படுக்கைமேல் உட்கார்ந்திருக்கின்றன. நிலம் கிழிந்தால் பக்கவாட்டில் ஆறு அடி, மேலும் கீழும் இரண்டு அடி வரை சறுக்கிப் போகலாம், உடையாது. தேர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். வடம் பிடிப்பது பூமி.

பழசே நன்றாக இருந்தது என்று சொல்பவர்களிடம் நான் சண்டை போடுவதில்லை. அந்த கேகே பிரிவில் உங்கள் பிள்ளையை உட்கார வைப்பீர்களா என்று மட்டும் கேட்பேன்.

கணக்குப்பிள்ளை:
கணேஷ் சார் நிலத்தின் பிளவைச் சொல்லிவிட்டார். கணக்குப் புத்தகத்தில் இருக்கிற பிளவை நான் சொல்கிறேன்.

புதுப்பிக்க ஆன செலவு 32.1 கோடி டாலர். பக்கத்தில் கட்டிய பயிற்சி மையத்தையும் சேர்த்து வாங்கிய கடன் 44 கோடிக்கும் மேல். முன்பு 70,000 பேருக்கு மேல் உட்கார்ந்த அரங்கம், திறந்தபோது சுமார் 63,000. ஆக, இத்தனை கோடியைக் கொட்டி இடத்தைக் குறைத்திருக்கிறோம். பெரிதானதெல்லாம் விலைதான்.

கடனை எப்படி அடைப்பதாகத் திட்டம்? மேற்குப் பக்கத்தில் சுமார் 3,000 நல்ல இருக்கைகளை 40, 50 வருட உரிமையாக விற்பது. ஓர் இருக்கை 40,000 டாலரில் தொடங்கி 2 லட்சத்துக்கும் மேல். பெர்க்லியில் "இருக்கை" என்றால் நமக்கெல்லாம் தமிழ் இருக்கைதான் நினைவுக்கு வரும். 90களில் வளைகுடாப் பகுதித் தமிழர்கள் வீடு வீடாகக் காசு சேர்த்து, ஜார்ஜ் ஹார்ட் உட்கார்ந்த இருக்கை. அதில் ஒரு மொழியே உட்கார்ந்தது. இதில் ஓர் ஆள், அதுவும் வருடத்துக்கு ஆறேழு சனிக்கிழமை.

அந்த நேரம் பார்த்து 2008 பொருளாதாரச் சரிவு. தவணையில் கட்டலாம், வேண்டாமென்றால் நடுவில் விலகலாம் என்று நிபந்தனை வேறு. நிறையப் பேர் விலகினார்கள். விற்பனை எதிர்பார்த்ததில் பக்கத்தில்கூட வரவில்லை. வட்டி மட்டும் வருடத்துக்கு ஒன்றே முக்கால் கோடி டாலர் அளவுக்குப் போனது. விளையாட்டுத் துறையால் தாங்க முடியாமல், கரோல் கிரைஸ்ட் வேந்தராக இருந்தபோது பாதிக்கு மேல் பல்கலைக்கழகமே தலையில் ஏற்றிக்கொண்டது. நிலநடுக்கப் பாதுகாப்புக்கான செலவு, அதனால் வளாகத்தின் பொறுப்பு என்பது வாதம். நியாயமான வாதம்தான். ஆனால் வளாகத்தின் பணம் என்பது ராஜா அண்ணன் மகள் படிக்கிற வகுப்பறையின் பணமும்தான்.

ஃப்ரீமாண்ட்_சேகர்:
ஆரம்பிச்சிட்டாரய்யா. சார், 2001இல் நாம் 1-10. ஒரே ஒரு வெற்றி. 2002இல் கோச்சாக டெட்ஃபோர்ட் வந்தார், தலையெழுத்தே மாறியது. மற்ற கல்லூரிகள் அவரைக் கொத்திக்கொண்டு போகக் காத்திருந்தன. அவர் கேட்டது ஒழுங்கான பயிற்சி மையமும் ஸ்டேடியமும். கொடுக்காமல் இருந்திருந்தால் இதே இழையில் "கஞ்சத்தனத்தால் கோச்சை இழந்தோம்" என்று எழுதியிருப்பீர்கள்.

கணக்குப்பிள்ளை:
கொடுத்தோம். திறந்த 2012 சீசன் முடிந்ததும் அவரை அனுப்பிவிட்டோம். தம்பி, மேலே என்ன சொல்ல?

பழைய_மாணவி:
நான் 2004 முதல் 2008 வரை அங்கே இருந்தவள். அந்த நாலு வருடத்தில் ஸ்டேடியத்தில் பார்த்ததெல்லாம் அப்படியே கண்ணில் நிற்கிறது. 2006 அக்டோபரில் வாஷிங்டனை ஓவர்டைமில் ஜெயித்ததும் நம் ஆட்டக்காரர் மார்ஷான் லின்ச், காயம்பட்டவர்களை ஏற்றும் வண்டியை எடுத்துக்கொண்டு களத்தில் சுற்றிச் சுற்றி ஓட்டினார். அவருக்கு இரண்டு கணுக்காலிலும் அடி. நாங்கள் பெஞ்சு மேல் ஏறிக் குதித்தோம். பெஞ்சும் சேர்ந்து குதித்தது.

அடுத்த வருடம் அக்டோபர் 13. நாம் நாட்டிலேயே இரண்டாம் இடம். முதலிடத்தில் இருந்த எல்எஸ்யு (லூசியானா ஸ்டேட்) அன்று தோற்றுவிட்டது என்று அரங்கம் முழுக்கச் செய்தி பரவியது. ஒரேகான் ஸ்டேட்டை ஜெயித்தால் நாம்தான் முதலிடம். 31-28 என்று பின்னால் இருந்தோம், ஒரு ஃபீல்ட் கோல் உதைத்தால் மூன்று புள்ளி, சமன். கடைசிச் சில விநாடிகளில் அந்தப் பையன் கெவின் ரைலி பந்தை வெளியே எறியாமல் தானே ஓடினான். விழுந்தான். கடிகாரம் நின்றுவிட்டது. டெட்ஃபோர்ட் கையில் இருந்ததைத் தரையில் ஓங்கி அடித்தார். அப்புறம் 60,000 பேர் சத்தமில்லாமல் கீழே இறங்கினோம். அந்தச் சுரங்கப்பாதை வாசலில் செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. எனக்கு அந்த ஸ்டேடியம் என்றால் அந்தச் சத்தம்தான். புது இடத்தில் வாசல்கள் அகலம். நல்லதுதான். ஆனால் அந்தச் சத்தம் இனி வராது.

மரங்களைப் பற்றி யாருமே பேசவில்லையே? மேற்குச் சுவரை ஒட்டி ஓக் மரத் தோப்பு இருந்தது. அங்கேதான் பயிற்சி மையம் வந்தது. 2006 டிசம்பர் 2, ஸ்டான்ஃபோர்டோடு வருடாந்தர பிக் கேம் நடந்த அன்றே, வெட்டக் கூடாதென்று மரத்தில் ஏறியவர்கள், 2008 செப்டம்பர் 9 வரை இறங்கவில்லை. 21 மாதம்! நான் பரீட்சை எழுதி, பட்டம் வாங்கி, வேலைக்கே போய்விட்டேன். அவர்கள் இன்னும் மேலேயே இருந்தார்கள். சுற்றிலும் வேலி, வேலிக்கு வெளியே போலீஸ், போலீசுக்கு வெளியே சாப்பாடு கொண்டுவரும் பாட்டிகள். ஆட்ட நாளில் நீலச் சட்டைக் கூட்டம் அவர்களைப் பார்த்துக் கத்தும். நானும் கத்தியிருக்கிறேன். இப்போது நினைத்தால் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

சிவில்_கணேஷ்:
அந்த வேலையை எதிர்த்துப் போட்ட வழக்கும் சுவாரசியம்தான். கலிபோர்னியாவில் 1972இலிருந்து ஒரு சட்டம்: பிளவின் மேல் இருக்கிற கட்டடத்தை அதன் மதிப்பில் பாதிக்கு மேல் செலவழித்து மாற்றக் கூடாது. சரி, 1923இல் கட்டிய ஸ்டேடியத்தின் மதிப்பு என்ன? அன்றைய செலவா, இன்று கட்டினால் ஆகிற செலவா, சந்தை விலையா? ஸ்டேடியத்தை யார் சந்தையில் விற்றார்கள்? இந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு வக்கீல்கள் வாதாடினார்கள்.

இன்னொன்று. இந்தச் சண்டை புதிதல்ல. அந்த ஸ்ட்ராபெரி பள்ளத்தாக்கில் ஸ்டேடியம் கட்டக் கூடாது, இயற்கை போய்விடும் என்று 1922லேயே எதிர்ப்பு. ஹோவர்டுக்கே அந்த இடம் பிடிக்கவில்லை. அதையும் மீறி, குன்றை நீரைப் பீய்ச்சிக் கரைத்து, ஓடையைக் குழாய்க்குள் அடக்கி, கட்டிமுடித்து, 1923 நவம்பர் 24 அன்று ஸ்டான்ஃபோர்டை 9-0 என்று ஜெயித்ததும் எல்லாரும் எதிர்ப்பை மறந்துவிட்டார்கள். நாம் இன்று "வரலாறு" என்று கட்டிப்பிடித்துக்கொள்வது அன்று ஒருவர் வேண்டாமென்று மறியல் செய்தது.

குன்றுவாசி:
எல்லாரும் கேகே, மேற்கு, கிழக்கு என்கிறீர்கள். எங்கள் பிரிவை யாரும் சொல்லவில்லை. கஞ்சர் குன்று! கிழக்குச் சுவருக்கு மேலே இருக்கிற மலைச்சரிவு. 1923 முதல் நாளிலிருந்தே காசு இல்லாதவர்களும், காசு இருந்தும் கொடுக்க மனசு இல்லாதவர்களும் உட்கார்ந்து இலவசமாக ஆட்டம் பார்க்கிற இடம். நான் இரண்டாவது ரகம்.

புதுப்பிக்கும் திட்டத்தில் கிழக்குப் பக்கத்தையும் உயர்த்தலாம் என்று முதலில் இருந்தது. உயர்த்தினால் குன்றிலிருந்து ஆட்டம் தெரியாது. டிக்கெட் வாங்காத ரசிகர்கள் ஒன்றுசேர்ந்து, எங்கள் இலவசக் காட்சியைக் காப்பாற்றுங்கள் என்று வழக்கே போட்டார்கள் என்றால் நம்புவீர்களா? கடைசியில் சமரசம், கிழக்குப் பக்கம் உயரவில்லை, குன்று பிழைத்தது. இந்த மொத்தக் கதையில் முழுசாக ஜெயித்தவர்கள் நாங்கள் மட்டும்தான். காலணா செலவில்லாமல்.

எங்கள் பக்கத்தில்தான் பீரங்கியும் இருக்கிறது. நாம் புள்ளி எடுக்கும்போதெல்லாம் வெடிக்கும். 1991இல் பசிஃபிக் அணியை 86-24 என்று அடித்த அன்று, பன்னிரண்டு டச்டவுனுக்கு ஈடு கொடுக்க முடியாமல் பீரங்கி மருந்தே தீர்ந்துபோயிற்று. அந்த மாதிரி நாள் இனி வருமா தெரியாது. மருந்து மட்டும் எப்போதும் நிறைய மிச்சம் இருக்கிறது.

ஃப்ரீமாண்ட்_சேகர்:
😂 உண்மை. உண்மை.

கணக்குப்பிள்ளை:
குன்றுவாசி சொன்னதைப் படித்ததும் ஒன்று தோன்றுகிறது. மரத்துக்காக 21 மாதம் ஆள் இருந்தது. குன்றுக்காக வழக்குப் போட ஆள் இருந்தது. மதில் சுவருக்காகப் பேச ஆள் இருந்தது. கடன் பத்திரத்துக்காக ஒருவர்கூட எந்த மரத்திலும் ஏறவில்லை. 2030கள் வரை பெரும்பாலும் வட்டி மட்டும், அதற்குப் பிறகுதான் அசல் என்று போட்டிருந்த தாளை நாம் யாரும் பார்க்கவே இல்லை. நான் உட்பட. அந்த வருடங்களில் நானும் லின்ச் வண்டி ஓட்டியதைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் காசுக்காகக் களத்தின் பெயரை விற்றார்கள். முதலில் கபாம் என்ற வீடியோ விளையாட்டுக் கம்பெனி, 15 வருடம் என்று 2013இல் ஒப்பந்தம். சில வருடத்தில் கம்பெனி கைமாறி, பெயரும் போயிற்று. 2021இல் எஃப்டிஎக்ஸ், பத்து வருடத்துக்கு 1.75 கோடி டாலர். அடுத்த வருடமே அந்த கிரிப்டோ கம்பெனி திவால். பிளவின் மேல் ஸ்டேடியம் கட்டியவர்களுக்கு இதைவிட நடுங்காத பார்ட்னர் கிடைக்கவில்லை.

பழைய_மாணவி:
சார், நல்ல நாளும் ஒன்று சொல்லிவிடுகிறேன், ராஜா அண்ணா பயந்துவிடப் போகிறார். 2024 அக்டோபர் 5. ஈஎஸ்பிஎன் விளையாட்டுச் சேனல்காரர்களின் கேம்டே நிகழ்ச்சி முதன்முறையாகப் பெர்க்லிக்கு வந்தது. கலிபோர்னியா நேரத்துக்குக் காலை ஆறு மணிக்குத் தொடக்கம். தம்பி மகன் அங்கே முதல் வருடம். நடுராத்திரியே போய் இடம் பிடித்திருக்கிறான். கணக்கு நோட்டுக் காகிதத்தைக் கிழித்து எழுதிய பலகையோடு போட்டோ அனுப்பினான். மாலையில் மயாமியோடு ஆட்டம், நானும் போயிருந்தேன். 35-10 என்று முன்னால் இருந்தோம். புது அரங்கத்தில் அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை. பழைய பெஞ்சு மாதிரி அலுமினிய பெஞ்சும் அதிர்ந்தது, கால் வழியாக மேலே ஏறியது.

ஃப்ரீமாண்ட்_சேகர்:
ஸ்கோரை முழுசாகச் சொல்லுங்கள் அக்கா.

பழைய_மாணவி:
39-38. தோற்றோம். சரி, அது இப்போது எதற்கு?

வடக்குவாசல்_ராஜா:
எல்லாருக்கும் நன்றி. மகளிடம் இந்த இழையை வாசித்துக் காட்டினேன். தமிழ் கேட்டால் புரியும், வாசிக்க வராது. கேகே பிரிவின் பிளவு, மரத்தில் 21 மாதம், பீரங்கி மருந்து, எல்லாம் கேட்டுவிட்டு, "இவ்வளவு தோற்கிற டீமுக்கா நீங்கள் இப்படி அழுகிறீர்கள்?" என்றாள். பதில் தெரியவில்லை. அந்தச் செருப்புச் சத்தத்தை அவளுக்கு எப்படிச் சொல்வது?

எதற்கும் கேட்டு வைக்கிறேன். அவள் மாணவர் பிரிவில் உட்கார்ந்துகொள்வாள். எனக்கு எங்கே எடுக்கலாம்? மேற்குப் பக்க விலையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது.

சிவில்_கணேஷ்:
கிழக்குப் பக்கம் மலிவு. ஆனால் மதிய ஆட்டம் என்றால் வெயில் நேரே முகத்தில் அடிக்கும். தொப்பி கட்டாயம். ஸ்டேடியத்துக்குள் போவதென்றால் பை உள்ளே இருப்பது தெரிகிற மாதிரி பிளாஸ்டிக்காக இருக்கணும், வழக்கமான தோள்பையை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

குன்றுவாசி:
எதற்கு அண்ணா டிக்கெட்? முதல் பாதியை எங்களோடு பாருங்கள். ஏற்றம் கொஞ்சம் செங்குத்து, நல்ல ஷூ போட்டுக்கொள்ளுங்கள். உட்கார ஒரு பாய், குடிக்கத் தண்ணீர். வீட்டில் புளிசாதம் கட்டிக்கொண்டு வருகிறேன். அங்கிருந்து பார்த்தால் பழைய சுவர், புதிய பெஞ்சு, அதற்கப்பால் வளைகுடா, எல்லாம் ஒரே சட்டத்துக்குள் தெரியும். உங்கள் மகள் எந்தப் பக்கம் இருக்கிறாள் என்றுகூடக் கண்டுபிடித்துவிடலாம், அத்தனை மஞ்சள் சட்டைக்கு நடுவில் கை ஆட்டச் சொல்லுங்கள்.

ஒரே ஒரு விஷயம். பீரங்கிக்குப் பக்கத்தில் மட்டும் உட்காராதீர்கள். எப்போதாவதுதான் வெடிக்கும், அதனாலேயே எதிர்பார்க்காமல் தூக்கிவாரிப் போடும்.